யாய் ஹேத்தர் அருள்நாதன் ஹை

"மறுபடியும் 'ஹை' வந்துருச்சு," என்றாள் சகாயசெல்வி, மீன் செதிலைச் சுரண்டுவதை நிறுத்தாமலே.

"எங்க வந்துச்சு?" என்றான் அருள்நாதன்.

"யாய் ஹேத்தர் அருள்நாதன் ஹை. கடைசியில வந்துச்சா இல்லையா? தம்பி, நீயே சொல்லு."

தம்பி ராபின் சங்கடமாகத் தலையைச் சொறிந்தான். ஹேவ்லாக் தீவில் சுற்றுலாப் படகில் வேலை பார்க்கும்போது இரண்டு நார்வேக்காரர்களோடு ஒரு வாரம் சுற்றியவன் அவன். மீதியைக் கைப்பேசியில் பாடம் கேட்டுத் தெரிந்துகொண்டவன். ஜங்கிளிகாட் வட்டாரத்தில் நார்வே மொழிக்கு அவனைவிட்டால் வேறு நாதியில்லை.

"வந்துச்சு அத்தான். யாய் ஹேத்தர் அருள்நாதன்னா 'என் பேர் அருள்நாதன்'. அதோட நிறுத்திக்கணும். அந்த 'ஹை' ஹிந்தி."

"ஹிந்தின்னு எனக்குத் தெரியாதாக்கும். அது தானா வருதுடா. நானா கூப்பிட்டேன்?"

அருள்நாதன் சொன்னதில் பொய்யில்லை. அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர் என்றாலும் அவன் பிறந்து வளர்ந்ததெல்லாம் அந்தமானின் போர்ட் பிளேயர். அந்த ஊரில் வங்காளியோடும் ஹிந்தி, தெலுங்கரோடும் ஹிந்தி, மலையாளியோடும் ஹிந்தி. எதிரில் நிற்பவன் தமிழன் இல்லை என்று தெரிந்த கணமே நாக்கு தானாக ஹிந்திக்குப் புரண்டுவிடும். இப்படி நாற்பது வயது வரைக்கும் பழகிப்போன நாக்கை, வெள்ளிக்கிழமைக்குள் நார்வேக்குத் திருப்பு என்றால் அது எங்கே திரும்பும்?

ஆனால் திருப்பியே ஆக வேண்டும். ஏனென்றால் அவன் வாயால் கெட்டிருந்தான்.

நடந்தது இதுதான். படகு இஞ்சின் பட்டறை முதலாளி சந்திரமோகன், புதிதாக வந்த ஒரு வாடிக்கையாளரிடம் அருள்நாதனைக் காட்டி, "இவன் நம்ம ஹெல்ப்பர்," என்று சொல்லிவிட்டார். இருபது வருடமாக அந்தப் பட்டறையில் இஞ்சினைக் கழற்றியதும் மாட்டியதும் அருள்நாதன். முதலாளி கழற்றியதெல்லாம் மூக்குக் கண்ணாடியை மட்டும்தான். அருள்நாதனுக்குச் சுருக்கென்றது. கையிலிருந்த ஸ்பானரை மேஜைமேல் வைத்தான். வைத்த சத்தம் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது.

"என்னல, முறைக்க? இங்கருந்து போனா உனக்கு எவன் வேலை குடுப்பான்?" என்றார் முதலாளி.

"நார்வேக்காரன் குடுப்பான்."

அன்று காலை டீ குடிக்கும்போது ராபின் கைப்பேசியில் ஒரு விளம்பரம் காட்டியிருந்தான். நார்வேயின் வடக்கில் ஏதோ ஒரு தீவில், மீன்பிடிப் படகுகளுக்கு டீசல் மெக்கானிக் வேண்டுமாம். அருள்நாதனுக்கும் நார்வேக்கும் அதுவரை இருந்த சொந்தம் அவ்வளவுதான். கோபத்தில் வாய் முந்திக்கொண்டது. பட்டறையில் நின்றவர்கள் அதை மீன் ஏலம் விடுகிற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அது ரேஷன் கடைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில், "வெளிநாடு செல்லவிருக்கும் நம் சகோதரர் அருள்நாதனுக்காக மன்றாடுவோம்," என்று சாமியாரே சொல்லிவிட்டார். கோயிலே எழுந்து நின்று மன்றாடியது.

இனிமேல் சந்திரமோகன் பட்டறைக்குத் திரும்பிப் போய் ஸ்பானரைத் தொடுவதைவிடக் கடலில் இறங்கிவிடலாம். நார்வேக்காரன் வேலை கொடுத்தாக வேண்டும்.

ராபின் விண்ணப்பம் போட்டான். பதிலும் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடியோவில் பேச வேண்டும். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருந்தார்கள்: தன் திறமை என்ன, அனுபவம் என்ன என்று விண்ணப்பித்தவரே எளிய நார்வே மொழியில் சொல்ல வேண்டும்.

"ஏன், இஞ்சினுக்கு நார்வே மொழியிலயா எழுதியிருக்கு?" என்று அருள்நாதன் பொருமினான். "ஒரு ரிப்பேர் இஞ்சினக் குடு. ஓட்டிக் காட்டுறேன். அதை விட்டுட்டு, 'நான் கெட்டிக்காரன்'னு என் வாயாலயே சொல்லணுமாம். வெக்கங்கெட்ட பொழப்பு."

"சொல்லித்தான் ஆகணும் அத்தான். யாய் ஆர் ஃப்லிங்க். நான் கெட்டிக்காரன்."

"யாய் ஆர் ஃப்லிங்க் ஹை."

சகாயசெல்வி அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு எழுந்தாள். "இதுக்கு ஒரே வழிதான். வெள்ளிக்கிழமை வரைக்கும் இவரு ஹிந்தியே பேசக்கூடாது."

மீன் சாப்பிடாதே என்று சொல்லியிருந்தால்கூட இருந்திருப்பான். போர்ட் பிளேயரில் ஹிந்தி பேசாமல் இருப்பது என்றால் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டும். அருள்நாதனோ பிடிவாதமாக வெளியே போனான்.

பஸ்ஸில் கண்டக்டர், "கஹான் ஜானா ஹை?" என்றார். அருள்நாதன் உதட்டை இறுக்கிக்கொண்டு கிழக்கே கையைக் காட்டினான். கண்டக்டர் மறுபடியும் கேட்டார். அருள்நாதன் மறுபடியும் காட்டினான். கண்டக்டர் பரிதாபப்பட்டு, உடல் ஊனமுற்றோர் இருக்கையிலிருந்து ஒருவரை எழுப்பிவிட்டு அவனை உட்காரவைத்தார். இறங்கும்போது அருள்நாதன் "தாக்" என்றான். நார்வே மொழியில் நன்றி. கண்டக்டர் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

மண்டல் தாதாவின் டீக்கடையிலும் இதே கூத்துதான். மண்டல் தாதா வங்காளி; அவர் மொழியில் தாதா என்றால் அண்ணன். பதினைந்து வருடமாக அருள்நாதனுக்கு டீ போடுகிறவர். என்ன கேட்டாலும் பதில் சொல்லாமல் விரலால் கிளாஸைக் காட்டிய மனிதனைப் பார்த்து அவர் கலங்கிப்போனார். அன்று பொழுது சாய்வதற்குள், மிஸ்திரிக்கு வாய் இழுத்துக்கொண்டது என்ற செய்தி கடற்கரை முழுக்கப் பரவியிருந்தது. தெலுங்கு மீனவர் அப்பாராவ் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நலம் விசாரிக்க வந்தார். படகுக்காரர்கள் எல்லாரும் அருள்நாதனை, கைதேர்ந்த மெக்கானிக் என்ற அர்த்தத்தில், மிஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவனை ஹெல்ப்பர் என்று சொன்ன ஒரே ஆள் முதலாளிதான்.

"மிஸ்திரி பாய், டாக்டர் க்யா போலா?" என்று அப்பாராவ் ஹிந்தியில் உருகினார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கிற மனிதனுக்குப் பதில் சொல்லவும் முடியாமல், பழத்தைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் அருள்நாதன் உள்ளுக்குள் கொதித்தான்.

வியாழக்கிழமை சோதித்துப் பார்த்தபோது நிலைமை மோசமாகியிருந்தது. அடக்கி வைத்த ஹிந்தி மொத்தமாகப் பொங்கிக்கொண்டு வந்தது.

"யாய் ஹார் யொப்பெத் சொம் மெக்கானிக்கெர் தா பாய்." மெக்கானிக்காக வேலை பார்த்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டிய வரி அது.

"நேத்து வரைக்கும் 'ஹை' மட்டும்தான் இருந்துச்சு," என்றான் ராபின். "இப்ப 'தா', 'பாய்' வேற சேந்துருச்சு."

ராபின் அடுத்த வைத்தியத்துக்குப் போனான். பெரிய வெள்ளை அட்டையில் எல்லா வாக்கியத்தையும் தமிழ் எழுத்தில் எழுதினான். கைப்பேசிக்குப் பின்னால் சுவரில் மாட்டிவிட்டால், பார்த்துப் படித்துவிடலாம். பெயர், அனுபவம், திறமை எல்லாம் வந்துவிட்டன. அட்டையின் அடியில் கொஞ்சம் இடம் பாக்கியிருந்தது.

"உங்க பலவீனம் என்னன்னு கேப்பாங்க அத்தான். அதுக்கும் ஒரு வரி எழுதிருவோம்."

"பலவீனமா? வேலை கேட்டுப் போறவன்கிட்டயா?"

"அங்க அப்படித்தானாம். எல்லாரும் கேப்பாங்களாம்."

"ஊர் பேர் தெரியாதவன்கிட்ட என் குறையை நான் ஏன் சொல்லணும்? இவன் குறையை எனக்குச் சொல்வானா? எனக்குக் குறையே இல்லைன்னு எழுது."

அடுப்படியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அதுவும் ரொம்ப நேரம் வந்தது. அருள்நாதன் எழுந்து போய், என்ன சிரிப்பு என்று கேட்டான். சகாயசெல்வி சொன்னாள். அவன் பதில் சொன்னான். அவள் அதற்கும் பதில் சொன்னாள். ராபின் அட்டையைச் சுருட்டிக்கொண்டு மெதுவாக வெளியே நழுவினான். அன்று புருஷன் பெண்டாட்டிக்குள் நின்றுபோன பேச்சு வெள்ளிக்கிழமையும் தொடங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிடித்த மழையில் வீட்டு நெட்வொர்க் செத்துவிட்டது. ராபின் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் ஓடினான். சுற்றுவட்டாரத்தில் ஒழுங்கான வைஃபை இருந்தது இரண்டே இடத்தில். ஒன்று சந்திரமோகன் பட்டறை.

"அங்கயா? செத்தாலும் மாட்டேன்," என்றான் அருள்நாதன்.

இன்னொன்று மண்டல் தாதாவின் டீக்கடை. மூன்று பேரும் ஆளுக்கொரு குடையில் அங்கே போனார்கள். பேசாத மனைவி எதற்கு என்றால், ராபினைத் தவிர அந்த வாக்கியங்களை மனப்பாடமாக வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். நான்கு நாளாக அவன் படிக்கப் படிக்க, கேட்டே அவளுக்கு வந்துவிட்டது. அவள் வாயில் ஒரு 'ஹை'கூட வரவில்லை என்பது அருள்நாதனுக்குத் தனி எரிச்சல்.

கடையின் பின்பக்கத்து மேஜையில் கைப்பேசியை நிறுத்தி, சுவரிலிருந்த காலண்டர் மேல் அட்டையை மாட்டினார்கள். ராபின் அருள்நாதனின் காதருகே குனிந்தான்.

"பதறாதீங்க அத்தான். வரி மறந்துட்டா அக்காகிட்டத் தமிழ்லயே கேட்டுக்குங்க. அவனுகளுக்கு என்ன தமிழ் தெரியவா போகுது? ஏதோ நல்லா யோசிக்கிறாருன்னு நெனச்சுக்குவானுக."

திரையில் மூன்று பேர் தோன்றினார்கள். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. பக்கத்தில் குறிப்பெடுக்கும் ஒரு பெண். ஓரத்தில், எண்ணெய்க் கறை படிந்த உடுப்போடு, மார்புவரை நீண்ட நரைத்த தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர். அந்த ஆள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டார். பேச்செல்லாம் கண்ணாடி அம்மாதான்.

அந்த அம்மா ஏதோ சொன்னார். அருள்நாதன் அட்டையைப் பார்த்தான்.

"யாய் ஹேத்தர் அருள்நாதன்."

நிறுத்தினான். 'ஹை' தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போனது. ராபின் கண்ணை மூடிக் கர்த்தருக்கு நன்றி சொன்னான். "யாய் ஹார் யொப்பெத் சொம் மெக்கானிக்கெர்," என்று அடுத்ததும் சுத்தமாக வந்துவிட்டது. கண்ணாடி அம்மா சிரித்தார்.

அதைப் பார்த்துப் பூரித்துப்போன மண்டல் தாதா, மிஸ்திரிக்கு வேர்க்கிறதே என்று மேஜை விசிறியின் சுவிட்சைத் தட்டிவிட்டார்.

அட்டை பறந்தது. நேராகப் போய்ப் பால் சட்டியின் விளிம்பில் விழுந்தது. மண்டல் தாதா பாய்ந்து எடுத்துத் துடைத்து, பொறுப்பாக மறுபடியும் மாட்டினார். தலைகீழாக மாட்டினார். தமிழ் எழுத்தில் எது தலை எது கால் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கீழ்ப்பாதி மை பாலில் கரைந்து வழிந்துகொண்டிருந்தது.

அருள்நாதன் தலையைச் சாய்த்துப் படிக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பாராவ் நனைந்துகொண்டு ஓடிவந்தார்.

"மிஸ்திரி பாய், இஞ்சின் பந்த் ஹோ கயா." டிங்கிப் படகு ஜெட்டியிலேயே நின்றுவிட்டதாம், கடல் வற்றுகிறதாம், விட்டால் தரைதட்டிவிடுமாம். சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தவர், அங்கிருந்த மூன்று பேருக்கும் ஒரு கும்பிடு போட்டார். தாடிக்காரர் பதிலுக்குக் கையை உயர்த்தினார்.

"அப்பாராவ், இன்டர்வ்யூ சல் ரஹா ஹை," என்று பல்லைக் கடித்தான் அருள்நாதன். ஆனால் அப்பாராவ் நகரவில்லை. அருள்நாதனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. நின்றபோது இருமி இருமி நின்றதா, ஒரேயடியாக நின்றதா என்று ஹிந்தியில் கேட்டான். இருமித்தான் நின்றதாம். டீசல் குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது, பில்டருக்கு மேலிருக்கும் போல்ட்டைத் தளர்த்தி நுரை போகும்வரைக்கும் கையால் பம்ப் பண்ணு, புது பில்டர் மாட்டச் சொல்லி மூன்று மாதமாகக் கத்துகிறேனே, காதில் என்ன உப்பா இருக்கிறது என்று பொரிந்து தள்ளினான். அப்பாராவ் ஓடினார்.

திரும்பினால், கண்ணாடி அம்மா பொறுமையாக அடுத்த கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் 'ஸ்வாக்ஹேத்' என்று ஒரு சொல் காதில் விழுந்தது.

"என்னடா கேக்குது அந்தம்மா?" என்றான் அருள்நாதன் வாயை அசைக்காமல்.

"பலவீனம்," என்றான் ராபின்.

அட்டையில் அந்த வரியைப் பால் குடித்திருந்தது. அருள்நாதன் வேறு வழியில்லாமல் மனைவியைப் பார்த்தான். "என்ன சொல்லணும்?"

ஒருநாள் முழுக்கப் பேசாமல் இருந்தவளிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது?

"கோவம்னு சொல்லுங்க. மொதலாளி ஒரு வார்த்தை சொன்னாருன்னு ஸ்பானரத் தூக்கி வெச்சுட்டு வந்தத சொல்லுங்க. எவன் இஞ்சின் பந்த்னு வந்தாலும் தின்னுற சோத்த வெச்சுட்டு எந்திரிச்சு ஓடுறத சொல்லுங்க. இந்தக் கரையில ஓடுற அத்தனை டிங்கியும் நீங்க கை வெச்சது, ஆனா இருவது வருசமா ஹெல்ப்பர்னு பேர் வாங்கிட்டு உக்காந்துருக்குற துப்புக்கெட்டதனத்த சொல்லுங்க. இதுக்கு மேல என்ன பலவீனம் வேணும் ஒரு மனுசனுக்கு?" கடைசியில் அவள் குரல் உடைந்தது. "எனக்கு மட்டும் வலிக்காதுன்னு நெனச்சீங்களா?"

அருள்நாதனுக்கு எங்கோ ஒரு வால்வு விட்டுப்போனது.

"துப்புக்கெட்டவனா? திக்லிபூருக்கு அந்தாண்ட நடுக்கடல்ல தண்ணி பம்புல ரப்பர் கிழிஞ்சப்ப, போட்டுருந்த செருப்ப அறுத்து வடிவா வெட்டி மாட்டி, ஒம்போது பேரையும் கரை சேத்தது யாரு? ஒத்தச் செருப்போட வீட்டுக்கு வந்தேனே, நீதான கதவத் தொறந்த? கார் நிக்கோபார்ல, மெயின்லேண்ட்லருந்து பார்ட்ஸ் வரட்டும்னு எல்லாவனும் கையக் கட்டி நின்னப்ப, பழைய ரெண்டு இஞ்சினப் பிரிச்சு ஒண்ணா கோத்து ஓட்டினது யாரு? கண்ணக் கட்டி விட்டாலும், சத்தத்த வெச்சே எந்த சிலிண்டர் தூங்குதுன்னு சொல்லுவேன்டி. இத இந்தக் கண்ணாடிக்கு யாய் யாய்னு சொல்லணுமாம். அந்தா இருக்கான் பாரு ஒரு தாடி. வந்ததுலருந்து காப்பி குடிக்கிறதத் தவிர ஒரு வேலை பாத்தானா? அந்தத் தாடிய வெச்சு டிங்கிக்கு அடியில பாசி சொரண்டலாம். அதுக்குத்தான் லாயக்கு. அவன்லாம் உக்காந்து எனக்கு மார்க் போடுறான்."

தாடிக்காரருக்குக் காப்பி புரையேறியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கோப்பைக்குள் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவேயில்லை. தோள் இரண்டும் குலுங்கின. குளிர் நாடு, பாவம், ஜலதோஷம் போலிருக்கிறது என்று ராபின் நினைத்தான்.

கோபம் வடிந்ததும் அருள்நாதனுக்கு மிச்சமிருந்தது சந்திரமோகனின் முகம் மட்டும்தான். திங்கட்கிழமை காலையில் அந்த முகத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். ஜங்கிளிகாட்டே வேடிக்கை பார்க்கும். சாமியார் அடுத்த ஞாயிறு எதற்காக மன்றாடச் சொல்வாரோ. சகாயசெல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவன் சட்டைக் காலரை ஒருமுறை இழுத்துச் சரிசெய்தாள். அதில் சமாதானம் இருந்தது. ஆனால் என்ன பிரயோஜனம்?

"யாய்..." என்று ஆரம்பித்தான் அருள்நாதன். அதற்குமேல் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "யாய் ஆர் ஃப்லிங்க் ஹை பாய்," என்று முடித்துவிட்டு, கடைசி மரியாதையாக ஒரு "தாக்" சொன்னான். அழைப்பைத் துண்டிக்கக் கைப்பேசியை நோக்கி விரலை நீட்டினான்.

தூரத்தில் ஜெட்டிப் பக்கம் அப்பாராவின் டிங்கி இரண்டு முறை இருமி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. தாடிக்காரர் அந்தச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடியே நிமிர்ந்தார். கோப்பையைக் கீழே வைத்தார். கண்ணாடி அம்மாவிடம் ஏதோ ஒற்றைச் சொல் சொன்னார். அந்த அம்மா தலையாட்டிவிட்டு நாற்காலியை நகர்த்தி வழிவிட, தாடி திரை முழுவதையும் அடைத்துக்கொண்டது.

"அவசரப்பட்டு வைக்காதையும் தம்பி," என்றது தாடி. "நீர் நோர்வேஜியனில சொன்னது எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, ஆனா இஞ்சை இருவத்தஞ்சு வருசமா யாழ்ப்பாணத்துப் பொடியளோட வேலை செய்யிறன், தங்கச்சி உம்மைப் பற்றிச் சொன்னதும் நீர் என்ரை தாடியைப் பற்றிச் சொன்னதும் வடிவா விளங்கினது, எப்ப வாறீர்?"